நாடா வெட்டிய பிறகு

ஒக்டோபர் பிறந்தால் எங்கள் பாடசாலைகளில் தேசிய வாசிப்பு மாதம். வாசலில் பதாகை கட்டுவார்கள். காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை வாசிப்பின் பயனைப் பற்றிப் பேசும். கட்டுரைப் போட்டி, கதை சொல்லும் போட்டி, மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி. பிள்ளைகள் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கிற எந்த நாளும் நல்ல நாள்தான். ஆனாலும் ஒவ்வொரு ஒக்டோபரிலும் எனக்குள் இந்தக் கேள்விகள் வந்து நிற்கும். இந்தப் பாடசாலை நூலகத்துக்கு இந்த வருடம் எத்தனை புதுப் புத்தகம் வாங்கினார்கள்? வாங்கிய காசு எங்கிருந்து வந்தது? வருகிற வருடமும் வருமா?

இதற்குப் பதில் சொல்லக்கூடிய அதிபர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். வரவுசெலவுத் தாளில் அப்படியொரு வரி இருந்தால்தானே அவர்கள் பதில் எழுதுவார்கள்.

நான் தீவகத்திலும் பிறகு வலிகாமத்திலும் படிப்பித்தவள். பாடத்தோடு நூலகப் பொறுப்பும் எனக்குத்தான். அதனால் இதைத் தூர நின்று எழுத என்னால் முடியாது.

குடாநாட்டில் ஒரு பாடசாலைக்கு நூலகம் எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ இருக்கிற பழைய மாணவர் சங்கம் ஒரு இராப்போசன விருந்து வைக்கும். அல்லது ஒரு குடும்பம் தங்கள் தாய் தகப்பன் நினைவாகக் காசு தரும். கட்டடம் எழும். கண்ணாடி அலுமாரி, வட்ட மேசை, பிள்ளைகளுக்குச் சின்னக் கதிரை. நாதஸ்வரத்தோடு விருந்தினரை அழைத்து வந்து நாடா வெட்டி, கல்வெட்டுத் திரை நீக்கி, படம் எடுப்பார்கள். அடுத்த நாள் உதயன் பத்திரிகையில் செய்தி வரும். அந்த மனிதர்கள் பனிக்குள் இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது. போர் முடிந்த பிறகு எங்கள் பாடசாலைகள் எழும்பி நின்றதில் அவர்களுடைய பங்கு பெரியது. அதை மனதார நன்றியோடு சொல்கிறேன்.

நான் பேச வந்தது நாடா வெட்டிய பிறகு வரும் ஆண்டுகளைப் பற்றி. முதல் வருடம் அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கும். இரண்டாம் வருடம் அதே புத்தகம். ஐந்தாம் வருடமும் அதே புத்தகம். நல்ல கதைகளின் அட்டை கிழிந்திருக்கும், பிள்ளைகள் தேடாதவை புதுசாகவே இருக்கும். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை உயர்தரம் எழுதிவிட்டுப் போகும்வரை அந்த அலுமாரி மாறாமல் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். கட்டடம் ஒருமுறைச் செலவு. புத்தகமும் அதைப் பார்க்கிற ஆளும் வருடாவருடம் வருகிற செலவு. முதலாவதைச் செய்ய ஆயிரம் கைகள் நீள்கின்றன. இரண்டாவதை யார் செய்வது என்பது தீர்க்கப்படாமலே கிடக்கிறது. அதை அரசாங்கம்தான் செய்யவேண்டும், எங்கள் வரிப்பணத்தில், ஒவ்வொரு வருடமும், தனி ஒதுக்கீடாக. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இதை யாழ்ப்பாணத்துக்கு வெளியிலிருந்து யாரும் வந்து எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் பொது நூலகத்தின் கதையிலேயே அது இருக்கிறது. 1933இல் கே. எம். செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டிலேயே புத்தகங்களை வைத்து அயலவருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் ஒரு இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்று வேண்டுகோள் எழுதினார். நீதிபதி ஐசாக் தம்பையா தலைவராகவும் செல்லப்பா செயலாளராகவும் ஒரு குழு அமைந்தது. 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில், 844 புத்தகங்களோடும் முப்பதளவு பத்திரிகை சஞ்சிகைகளோடும் அது திறந்தது. அத்தனையும் நன்கொடை.

இந்த இடம் வரையும் எங்கள் பாடசாலை நூலகங்களின் கதையும் அதுவும் ஒன்றுதான். வித்தியாசம் அடுத்த வருடம் நடந்தது. 1935இல் நகர சபை அதைப் பொறுப்பேற்றது. அன்றிலிருந்து வாடகையும் சம்பளமும் புத்தகக் காசும் ஊர்மக்களின் வரிப்பணத்திலிருந்து போனது. அறை போதாமல் இடம் மாறினார்கள். 1950களில் மேயர் சாம் சபாபதி காலத்தில் பெரிய கட்டடத்துக்கான முயற்சி தொடங்கியது. பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் அதற்காக ஓடித்திரிந்தார். இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள், சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் தந்தார். 1954 மார்ச்சில் அடிக்கல், 1959 ஒக்டோபர் 11இல் மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். கட்டடத்துக்குக் களியாட்ட விழா வைத்தும் ஊரிடம் காசு சேர்த்தார்கள், அது உண்மை. ஆனால் திறந்த பிறகு அங்கே இரவல் பகுதியில் நின்றவருக்கும், உசாத்துணைப் பகுதியில் இருந்தவருக்கும், 1967இல் சிறுவர் பகுதி வந்தபோது அதைப் பார்த்தவருக்கும் மாதச் சம்பளம் மாநகர சபை கொடுத்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு எரிக்கப்பட்டபோது அங்கே 97,000 நூல்கள் இருந்தன. 844இலிருந்து 97,000 வரை வந்ததற்கு வள்ளல்கள் ஒரு காரணம். வருடம் தவறாமல் ஒரு சபை அதைத் தன் செலவாக ஏற்றுக்கொண்டது மற்றக் காரணம். இரண்டாவதை நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகம்.

பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். பாடசாலை நூலகங்கள் அழிந்ததை அந்தந்த ஊர்தான் அறியும். 1984இல் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி நூலகம் எரிந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 2016இல்தான் தன் சொந்த மண்ணுக்குத் திரும்பியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து செம்மணி தாண்டி நடந்தபோது யார் நூலக அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போவது? தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த புத்தகங்கள் இப்படிப் போயின. கட்டடத்தை இரண்டு வருடத்தில் திருப்பிக் கட்டலாம். புத்தகச் சேர்க்கையை அப்படிக் கட்ட முடியாது. அது வருடத்துக்குக் கொஞ்சமாகத்தான் வளரும், அதற்கு வருடாவருடம் காசு வேண்டும்.

இப்போது காசு எப்படி வருகிறது என்று பார்ப்போம். குடாநாட்டில் ஐந்து கல்வி வலயங்கள்: யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம். யாழ் இந்து, வேம்படி போன்ற தேசிய பாடசாலைகள் கொழும்பில் உள்ள மத்திய அமைச்சின் கீழ் இருக்கின்றன. மற்றப் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் கீழ். 2000ஆம் ஆண்டு முதல் பாடசாலைகளுக்குத் தர உள்ளீடு என்ற பெயரில் பணம் வருகிறது. பிள்ளைகளின் தொகையை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். வெண்கட்டி, தாள், ஆய்வுகூடப் பொருள், விளையாட்டுப் பொருள், நூலகப் புத்தகம் எல்லாம் இந்த ஒரு பணத்துக்குள்தான். தவணைப் பரீட்சைக்குத் தாள் வாங்காமல் இருக்க முடியுமா? முடியாது. விளையாட்டுப் போட்டி நிற்குமா? நிற்காது. கதைப் புத்தகம் வாங்காவிட்டால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். அப்படியானால் எது வெட்டுப்படும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளைகளின் தொகையை வைத்துப் பணம் வருவதில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. நகரத்துப் பெரிய பாடசாலைக்கு அதிக பிள்ளைகள், அதிக பணம், பெரிய பழைய மாணவர் சங்கம், வசதியான பெற்றோர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் கையிருப்பு. தீவுப் பாடசாலையில் பிள்ளைகள் குறைவு, வருகிற பணம் குறைவு, பழைய மாணவர்கள் எங்கெங்கோ சிதறிப்போனார்கள். எவருக்கு நூலகம் அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகவே போய்ச்சேரும் கணக்கு இது. நெடுந்தீவுப் பிள்ளை யாழ் பொது நூலகத்தில் ஒரு புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் குறிகட்டுவானுக்குக் கடல் தாண்டி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மாலைக்குள் குமுதினிப் படகையோ வேறு வள்ளத்தையோ பிடித்துத் திரும்ப வேண்டும். காற்றுக் காலத்தில் அதுவும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பாடசாலை நூலகம்தான் ஒரே நூலகம். செங்கை ஆழியான் 'வாடைக்காற்று' நாவலை நெடுந்தீவை வைத்தே எழுதினார். அந்தத் தீவுப் பிள்ளைக்கு அந்த நாவல் தன் பாடசாலையிலேயே கிடைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையா?

காசைவிடப் பெரிய குறை ஒன்றும் இருக்கிறது. ஆள். பெரும்பாலான பாடசாலைகளில் நூலகத்துக்கென்று ஒருவர் கிடையாது. பாடவேளை குறைந்த ஆசிரியரிடம், அல்லது மறுத்துப் பேசத் தெரியாத ஆசிரியரிடம், திறப்பைக் கொடுப்பார்கள். நான் இரண்டாவது வகை. வகுப்புகளுக்கு இடையில் கிடைக்கிற நேரத்தில் திறப்பேன். யாராவது ஆசிரியர் வராத நாளில் என்னை அந்த வகுப்புக்கு அனுப்பினால் நூலகம் பூட்டியே கிடக்கும். இடைவேளையில் ஒரு சின்னப் பெட்டை, தரம் 7 இருக்கும், கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். "ரீச்சர், இண்டைக்குத் திறப்பீங்களோ?" என்பாள். "நாளைக்கு மோளை" என்பேன். அந்த நாளை எத்தனையோ தரம் தள்ளிப் போயிருக்கிறது.

அலுமாரி பூட்டிக் கிடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை வெளியாட்கள் அறியமாட்டார்கள். வருட முடிவில் பொருட் கணக்கெடுப்புக்கு வருவார்கள். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு புத்தகத்தையும் கண்ணால் காட்டவேண்டும். குறைந்தால் பொறுப்பாக இருந்தவர் விளக்கம் எழுதவேண்டும். கையிலிருந்து காசு கட்டின ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் புத்தகம் போனால் சிலது கிழியும், சிலது தொலையும். மழையில் நனையும், தம்பி கிறுக்குவான், வீடு மாறும்போது தவறும். அப்படித் தேய்வதுதான் புத்தகத்தின் வேலை. ஆனால் அந்தத் தேய்மானத்துக்கு ஒதுக்கீடு இல்லாத இடத்தில், மாதச் சம்பளத்தை நம்பியிருக்கிற ஒரு ஆசிரியர் என்ன செய்வார்? பூட்டிவைப்பார். புத்தகம் பத்திரமாக இருக்கும், கணக்குச் சரியாக வரும், பிள்ளைகள் வெளியில் நிற்பார்கள். வருடத்துக்கு நூற்றில் இத்தனை புத்தகம் தேய்ந்தோ தொலைந்தோ போகும் என்று கணக்கிலேயே ஏற்றுக்கொண்டு, அதை ஈடுசெய்யக் காசும் ஒதுக்கினால் பாதிப் பூட்டுகள் தானாகத் திறக்கும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நாட்டில் ஒரு காலத்தில் இதைச் சரியாகச் செய்யப் பார்த்தார்கள். 1998இல் உலக வங்கிக் கடனில் இரண்டாவது பொதுக் கல்வித் திட்டம் தொடங்கியது. பாடசாலை நூலகங்களை வளர்ப்பது அதில் ஒரு முக்கியமான பகுதி. கட்டடத்துக்கும் புத்தகத்துக்கும் காசு வந்தது. நூலகத்தைப் பார்க்கிற ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு நூலக, தகவல் விஞ்ஞானங்களுக்கான தேசிய நிறுவனத்தையும் உருவாக்கினார்கள். ஆசிரிய நூலகர் என்பவர் பயிற்சி பெற்ற ஒருவராக இருக்கவேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் ஊன்றியது. எங்களுக்கு அது யுத்தத்துக்குள் வந்த காலம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் பொருட்கள் ஓரளவு இலகுவாக வந்தன. திட்டம் 2005அளவில் முடிந்தது. முடிந்த பிறகு நான் வேலை செய்த இடங்களில் அதே அளவுக்குப் புத்தகம் வந்ததை நான் காணவில்லை. கடன், நன்கொடை, திட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவுத் திகதி இருக்கிறது. பிள்ளைகளோ ஒவ்வொரு ஜனவரியும் புதிதாக வந்து சேருகிறார்கள்.

அரசாங்கத்தால் முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. 1945 ஒக்டோபரில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடப்புத்தகம் இலவசம். இன்றைக்கும் நாட்டில் உள்ள ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகளுக்கும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் புத்தகங்கள் போகின்றன. மூன்று மொழிகளிலும், தீவிலும் மலையிலும், கடலாலும் தரையாலும். போர்க்காலத்தில்கூடப் பிந்தியேனும் கப்பலில் வந்து சேர்ந்தன. பாடப்புத்தகம் வராவிட்டால் பெற்றோர் வலயப் பணிமனை வாசலில் நிற்பார்கள். அதை உரிமை என்று நினைக்கிறோம். நூலகப் புத்தகத்தை மட்டும் யாரோ ஒருவர் மனமிரங்கித் தரவேண்டிய தானம் என்று ஏன் நினைக்கிறோம்? எனக்கு இது விளங்குவதே இல்லை. பாடப்புத்தகத்தால் பரீட்சை எழுதலாம். வாசிக்கப் பழகுவது மற்றப் புத்தகங்களால்தான். தரம் 5 புலமைப்பரிசில் முடிந்ததும் வாசிப்பைக் கைவிட்ட எத்தனையோ பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் கையில் அதுவரை இருந்தது பயிற்சிக் கொப்பியும் மாதிரி வினாத்தாளும்.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். இஃப்லா என்ற உலக நூலகச் சங்கக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 2002இல் பாடசாலை நூலகங்களுக்கு வழிகாட்டி வெளியிட்டன. ஒரு பிள்ளைக்குப் பத்துப் புத்தகம், எவ்வளவு சிறிய பாடசாலையானாலும் குறைந்தது 2,500. சம்பளம், கட்டடம், போக்குவரத்து, விசேட கல்வி போன்ற செலவுகளைக் கழித்த பிறகு ஒரு மாணவருக்குச் செலவாகும் தொகையில் குறைந்தது 5 சதவீதம் நூலகப் பொருட்களுக்கு. இந்த அளவு எங்களுக்குத் தூரம் என்று தெரியும். இருந்தாலும் ஒரு தீவுப் பாடசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2,500 புத்தகம் இருக்கிறது, ஒரு புத்தகம் சராசரியாகப் பத்து வருடம் தாங்கும் என்று வைப்போம். வருடத்துக்கு 250 மாற்றவேண்டும். ஒன்றுக்கு 600 ரூபா என்றால் ஒன்றரை லட்சம் ரூபா. நூலகம் பெருகுவதற்கு ஆகும் செலவு இதில் இல்லை, இருப்பது குறையாமல் பார்ப்பதற்கு மட்டுமே இவ்வளவு. எந்தச் சின்னப் பாடசாலையின் தர உள்ளீட்டுப் பணத்துக்குள் இது அடங்கும்?

600 ரூபா என்று நான் போட்டதும் தாராளமான மதிப்பில்லை. எங்கள் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. 2022 நெருக்கடிக்கு முன் இந்திய ரூபா ஒன்று எங்கள் மூன்று ரூபாவுக்குள் இருந்தது. பிறகு மூன்றரையைத் தாண்டியது. 2022இல் தாள் இல்லாமல் பரீட்சைகள் தள்ளிப்போன நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாகி, புத்தகங்களும் அதற்குள் வந்தன. யாழ்ப்பாணத்துப் புத்தகக்கடையில் ஒரு நாவலை எடுத்து விலையைப் பார்த்துவிட்டு மெல்லத் திருப்பி வைக்கிற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்தால் வாங்க முடியாத நேரத்தில்தான் பாடசாலை நூலகம் மிகவும் தேவைப்படும். அதே நேரத்தில்தான் அதன் காசும் வற்றுகிறது.

வேறு இடங்களில் என்ன செய்கிறார்கள்? தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து அறவிடுகிறார்கள். இன்றைக்கு அது வரியில் பத்துச் சதவீதம். ரங்கநாதனின் கனவு அது. யாழ் நூலகத்துக்கு ஆலோசனை தந்த அதே ரங்கநாதன். அந்தப் பணம் பொது நூலகங்களுக்குத்தான் போகிறது, பாடசாலைகளுக்கு அல்ல. ஆனால் நூலகத்துக்கென்று பெயர் எழுதிய வரி ஒன்று இருக்கலாம் என்பதற்கு அது சாட்சி. இந்தியாவில் 2018 முதல் சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரச பாடசாலைகளுக்கு நூலகத்துக்கென்றே தனியாக வருடத்துக்கு 5,000 முதல் 20,000 இந்திய ரூபா வரை தருகிறார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் அது வெண்கட்டிக்கும் தாளுக்கும் போகமுடியாத பணம். எனக்கு அந்தப் பூட்டுத்தான் பிடித்திருக்கிறது.

பணக்கார நாடு என்றால் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் சிறைச்சாலையில் நூலகம் இருக்கவேண்டும் என்று சட்டவிதி இருக்கிறது, பாடசாலையில் இருக்கவேண்டும் என்று இல்லை. அங்கே உள்ளூராட்சி சபைகள் பாடசாலைகளுக்குப் புத்தகப் பெட்டி அனுப்பும் நூலகச் சேவையை நடத்தி வந்தன. பணத்தைப் பாடசாலைகளின் கையில் கொடுத்து, விரும்பினால் சந்தா கட்டுங்கள் என்றதும் பல இடங்களில் அது மூடப்பட்டது. லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும். அவர்களுடைய பிள்ளைகளின் பாடசாலைகளிலும் நடந்த விஷயம்.

அந்தப் புத்தகப் பெட்டி யோசனை குடாநாட்டுக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஐம்பது பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு பாடசாலையிலும் 2,500 புத்தகம் வைக்க வேண்டும் என்று நிற்கத் தேவையில்லை. வலயத்துக்கு ஒரு நல்ல சேர்க்கை இருக்கட்டும். அதைப் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒரு நூலகர், ஒரு சின்ன வாகனம். தவணைக்கு ஒருமுறை ஒவ்வொரு சின்னப் பாடசாலைக்கும் இருநூறு புத்தகம் உள்ள பெட்டி போகட்டும், பழையது திரும்பட்டும். ஊர்காவற்றுறையில் வாசித்த புத்தகம் அடுத்த தவணை புங்குடுதீவுக்குப் போகும், அதற்கடுத்தது நயினாதீவுக்கு. பிள்ளைக்கு வருடத்தில் மூன்று தரம் அலுமாரி புதிதாகும். வாங்குகிற புத்தகம் குறைவு, வாசிக்கிற பிள்ளை அதிகம். எங்கள் பிரதேச சபைகளுக்கும் நூலகங்கள் இருக்கின்றன. அங்கே நூலகர்கள் இருக்கிறார்கள். சோலைவரி கட்டுகிற நாங்கள் அதில் ஒரு பங்கை இதற்கென்று எழுதுங்கள் என்று சபை உறுப்பினரிடம் கேட்கலாம். சபையும் வலயமும் ஒரே மேசையில் இருந்தால் இது நடக்கக்கூடிய காரியம். இரண்டும் வேறு வேறு அமைச்சின் கீழ் என்பதுதான் இன்றுவரை சொல்லப்படுகிற தடை. பிள்ளைக்கு அந்த எல்லை எதற்கு?

ஃபோனில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நூலகம் இணையத்தளம் 2005இலிருந்து செய்துவரும் வேலையை நான் தலைவணங்கிப் பார்க்கிறேன். ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். 1981க்குப் பிறகு இப்படி ஒன்று எங்களுக்குக் கிடைத்தது பெரும் பேறு. உயர்தரத்தில் தமிழ் படிக்கிற பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை வாசிக்கப் பழகுவது படம் போட்ட புத்தகத்தை மடியில் வைத்து, விரலால் வரியைத் தொட்டு. அம்மாவின் ஃபோன் அம்மா வேலையால் வந்த பிறகுதான் கைக்கு வரும், அதிலும் டேட்டா இருக்கவேண்டும்.

எங்கள் தலைமுறை வாசித்த விதம் நினைவுக்கு வருகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பத்திரிகை, கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. ஜாம் போத்தல் விளக்கில் அதைப் பங்கு போட்டு வாசித்தோம். சனசமூக நிலைய வாசிகசாலையில் ஒரு பத்திரிகைக்கு ஆறு பேர் காத்திருப்போம். வாசிப்புப் பசி இந்த மண்ணில் ஒருநாளும் இல்லாமல் போகவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கும் அது இருக்கிறது, நான் கண்ணால் பார்க்கிறேன். ஒரு புதுப் பெட்டி உடைக்கிற நாளில் அவர்கள் நெருக்குப்படுகிறதைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

போன மாதம் கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவர் கதைத்தார். "ரீச்சர், இரண்டு பெட்டி புத்தகம் சேர்த்து வைச்சிருக்கிறம், அனுப்பட்டோ?" என்று கேட்டார். என்ன புத்தகம் என்று கேட்டேன். பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் மிஞ்சிய ஆங்கிலப் புத்தகங்கள், பழைய கலைக்களஞ்சியம். அன்போடு சேர்த்தவை. ஆனால் கப்பல் கூலிக்குக் கொடுக்கிற காசில் இங்கேயே பிள்ளைகள் கேட்கிற தமிழ்ப் புத்தகம் வாங்கலாம் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீங்கள் சொல்லுங்கோ, நாங்கள் என்ன செய்ய வேணும்?" என்றார்.

நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அடுத்த நூலகத்துக்குக் காசு சேர்க்க முதல், முன்னர் கட்டியதில் இந்த வருடம் எத்தனை புத்தகம் சேர்ந்தது, எத்தனை பிள்ளை இரவல் எடுத்தது என்று பாடசாலையிடம் கேளுங்கள். கட்டடத்துக்குத் தருகிற காசில் ஒரு பங்கை நிலையான வைப்பில் போட்டு, வட்டியில் வருடாவருடம் புத்தகம் வாங்க ஏற்பாடு செய்யுங்கள். நன்கொடை தரும்போது மாகாணக் கல்வி அமைச்சுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்: நாங்கள் கட்டடம் தருகிறோம், நீங்கள் பயிற்சி பெற்ற நூலகரையும் வருடாந்தப் புத்தகப் பணத்தையும் எழுத்தில் தாருங்கள் என்று. ஐம்பது சங்கங்கள் இப்படி எழுதினால் ஒரு அதிகாரி அதற்குப் பதில் எழுதத்தான் வேண்டும்.

இங்கே இருக்கிற பெற்றோருக்கும் ஒன்று. வருகிற ஆண்டுக்கான திட்டத்தைப் பாடசாலைகள் மூன்றாம் தவணையில் தயாரிப்பார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு உங்களுக்கு அழைப்பு வரும். போங்கள். வரவுசெலவை வாசிக்கும்போது எழுந்து, நூலகத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பின் ஒரு பிரதி கோட்டக் கல்விப் பணிமனைக்கும், அங்கிருந்து வலயத்துக்கும் போகவேண்டும். போனதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.